அறிமுகமில்லாரிடையே ஆயுத வணிகம்: செஞ்சி நாட்டில் கவுல் முதல் உரிமம் வரை

ஆய்வுச்சுருக்கம்

செஞ்சிக் கோட்டையின் வரலாறு பெரும்பாலும் முற்றுகைகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. முற்றுகைக்கு வேண்டிய பீரங்கியும் துப்பாக்கியும் வெடிமருந்தும் யாரிடமிருந்து, எந்த உறுதிப்பாட்டின் பேரில் கைமாறின என்னும் வினா அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நின்றுவிடுகிறது. விற்பவரும் வாங்குபவரும் தொலைவில் வாழ்ந்தனர். ஒருவரை ஒருவர் அறியாதவர்களாகவும் இருந்தனர். இந்நிலையில் ஆயுத வணிகம் எவ்வாறு இயன்றது என்பதை இக்கட்டுரை செஞ்சியையும் அதைச் சார்ந்த கடற்கரையையும் களமாகக் கொண்டு ஆராய்கிறது. ஆட்சியாளர் தந்த கவுல், போட்டிக் கம்பெனிகளின் உடன்படிக்கை, அரசு வழங்கும் உரிமம் ஆகிய மூன்று ஏற்பாடுகள் அடுத்தடுத்து இச்சிக்கலுக்கு விடையாக அமைந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் நம்பிக்கையின் இருப்பிடம் மட்டுமன்றி, வணிகத்தால் வரும் இடரைச் சுமப்பவரும் மாறினர் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: செஞ்சி, கவுல், வெடிமருந்து, தேவனாம்பட்டினம், ஆயுதச் சட்டம், உரிமம், இடையாளர்

1. முன்னுரை

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்து எழுந்தது செஞ்சிக் கோட்டை. 1597இல் இங்கு வந்த இயேசு சபைத் துறவி நிக்கோலஸ் பிமெண்டா, நகரின் பரப்பையும் கோட்டையின் அரணையும் வியந்து எழுதினார். நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஆறு அதிகாரங்களின் கைக்கு மாறிய இக்கோட்டை, 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் 'இந்தியாவின் மராத்தியப் படைத்துறை நிலவெளிகள்' என்னும் தொகுதியின் கீழ் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அத்தொகுதியில் உள்ள பன்னிரண்டு கோட்டைகளுள் தமிழ்நாட்டில் அமைந்தது இது ஒன்றே.

சி. எஸ். சீனிவாசாச்சாரி 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாறு இத்துறையில் அடிப்படை நூல். அரச மரபுகளையும் முற்றுகைகளையும் அது நிரல்படுத்துகிறது. அந்த நிரலுக்குள் ஒரு வணிக வரலாறும் பொதிந்துள்ளது. செஞ்சி ஓர் உள்நாட்டுக் கோட்டை. ஐரோப்பியப் பீரங்கியும் துப்பாக்கியும் கடல் வழியே வந்து, தேவனாம்பட்டினம், கடலூர், புதுச்சேரி, பரங்கிப்பேட்டை, சென்னை ஆகிய துறைகளில் இறங்கியே உள்நாட்டை அடைய வேண்டியிருந்தது. துறையில் விற்பவர் அந்நியர். கோட்டையில் வாங்குபவரும் விற்பவருக்கு அந்நியரே.

எந்தத் தொலைதூர வணிகத்திலும் இரண்டு அச்சங்கள் உண்டு. பணம் கொடுத்தவருக்குப் பொருள் வந்து சேருமா என்பது ஒன்று. பொருள் கொடுத்தவருக்குப் பணம் வந்து சேருமா என்பது மற்றொன்று. ஆயுத வணிகத்தில் மூன்றாவது அச்சம் ஒன்று கூடுகிறது. விற்ற ஆயுதம் நாளை விற்றவரையே நோக்கித் திரும்புமா என்பதே அது. துணி வணிகத்திற்கோ மிளகு வணிகத்திற்கோ இல்லாத இந்த மூன்றாவது அச்சமே ஆயுத வணிகத்தின் இடையாளரை ஏனைய தரகர்களிடமிருந்து வேறுபடுத்துகிறது. இன்றைய சட்டம் 'உரிமம் பெற்ற விற்பனையாளர்' என்று குறிப்பிடுபவரின் வரலாற்று வேர் இங்கேதான் உள்ளது.

2. சொல்லில் உறையும் அந்நியர்

இவ்வணிகம் அந்நியரோடு நிகழ்ந்தது என்பதற்குத் தமிழ்ச் சொற்களே சான்று. 'பீரங்கி', 'பறங்கி' ஆகிய இரண்டும் ஐரோப்பியரைக் குறிக்கப் பாரசீகரும் அரபியரும் வழங்கிய ஒரே சொல்லினின்று கிளைத்தவை. கருவிக்கும் அதைக் கொணர்ந்த மனிதருக்கும் ஒரே வேர்ச்சொல் அமைந்துள்ளது. 'துப்பாக்கி' துருக்கிய மூலமுடையது. பாரசீக வழியாகத் தென்னாட்டை அடைந்தது. ஆனால் அக்கருவிகளை இயக்கும் பொருளுக்குத் தமிழர் அயற்சொல்லை நாடவில்லை. 'மருந்து', 'வெடியுப்பு' என்னும் தம் சொற்களாலேயே அதனை வழங்கினர்.

இந்த வேறுபாடு பொருளியல் நிலையோடும் ஒத்துச் செல்கிறது. வெடியுப்பு இந்தியாவிலேயே கிடைத்தது. ஐரோப்பியரே அதை வாங்கிச் சென்றனர். பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர், அங்கு வெடிமருந்து ஆலை நடத்தித் தம் பிற நிலையங்களுக்கு அனுப்பினர். ஆகவே ஆயுத வணிகத்தை ஐரோப்பா கொடுத்தது, இந்தியா பெற்றது என்னும் ஒருவழிப் பாதையாகக் கொள்வது பொருந்தாது. 1547இல் கோவாவும் விசயநகரமும் செய்துகொண்ட உடன்படிக்கை இதனைத் தெளிவுபடுத்தும். குதிரைகள் விசயநகரத்திற்கே விற்கப்படும் என்பது கோவா தந்த உறுதி. வெடியுப்பும் இரும்பும் பீஜப்பூருக்குச் செல்லாமல் போர்த்துக்கீசியருக்கே விற்கப்படும் என்பது விசயநகரம் தந்த உறுதி. இங்கு விலையைவிட முதன்மை பெறுவது, 'என் பகைவனுக்கு விற்காதே' என்னும் நிபந்தனை. மேற்கூறிய மூன்றாவது அச்சத்திற்கு 16ஆம் நூற்றாண்டு கண்ட விடை இது.

3. கவுல்: சொல்லே பிணையாக

செஞ்சி நாயக்கர் காலத்தில் இந்த நிபந்தனை கடற்கரைக்கு வந்தது. 1608ஐ ஒட்டி டச்சுக்காரர் தேவனாம்பட்டினத்தில் நிலைகொள்ளச் செஞ்சி நாயக்கரிடம் இசைவு பெற முயன்றனர். போர்த்துக்கீசியர் அதனை எதிர்த்தனர். டச்சுக்காரர் 1610இல் பழவேற்காட்டில் கால்கொண்டனர். நாயக்கர் தந்த இசைவு ஆயுத விற்பனைக்கென்று தரப்பட்டதன்று. ஆயினும் கரையில் எந்த அந்நியர் தங்கலாம் என்று முடிவு செய்பவரே, எந்த அந்நியரின் சரக்கு உள்நாட்டிற்கு வரலாம் என்றும் முடிவு செய்பவர் ஆனார்.

இத்தகைய இசைவு எழுத்து வடிவம் பெறும்போது 'கவுல்' எனப்பட்டது. இது அரபுச் சொல். 'சொல், வாக்கு' என்பதே அதன் பொருள். கவுல் தந்தவர் தம் வாக்கைத் தந்தார். அவ்வாக்கை வலியுறுத்த நீதிமன்றம் ஏதும் இல்லை. தந்தவரின் ஆட்சி நிலைக்கும் வரையே அது நிலைக்கும். செஞ்சியில் ஆட்சி மாறியபோதெல்லாம் கம்பெனிகள் புதிய கவுல் தேடி ஓடியதன் காரணம் இதுவே. 1648-49இல் கோட்டை பீஜப்பூர் வசமானது. பீஜப்பூரின் அலுவலரான சேர்கான் லோடியின் இசைவோடு 1674இல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் அமர்ந்தனர். 1677இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றியதும் பிரான்சுவா மார்த்தேன் புதிய ஆட்சியின் உறுதியை நாட வேண்டியதாயிற்று. 1680களின் தொடக்கத்தில் செஞ்சியின் மராத்திய ஆளுநர் ஹர்ஜி ராஜாவிடம் எலிகு யேல் பேச்சு நடத்திக் கடலூர், பரங்கிப்பேட்டைப் பகுதிகளில் வணிகம் செய்ய இசைவு பெற்றார்.

துணி வணிகத்தோடு ஒப்பிட்டால் கவுலின் தனித்தன்மை விளங்கும். சென்னையில் காசி வீரண்ணா போன்ற தலைமை வணிகர்கள் கம்பெனியிடம் முன்பணம் பெற்று, நெசவாளரிடம் துணி வாங்கித் தந்தனர். நெசவாளர் தவறினால் பிணையாக நின்றவர் தலைமை வணிகர். அவரிடம் பொருளிருந்தது, ஊரில் மதிப்பிருந்தது, இழப்பைப் பணத்தால் ஈடு செய்ய இயன்றது. ஆயுத வணிகத்தில் அத்தகைய பிணையாளி ஒருவர் இருக்க இயலாது. விற்ற பீரங்கி பகைவனிடம் சென்றால் எந்த வணிகரும் அதற்கு ஈடு தர முடியாது. எனவே ஆட்சியாளரே பிணையாளியாக வேண்டியிருந்தது.

4. ராஜாப்பூரின் பாடமும் சென்னையின் மறுப்பும்

ஆட்சியாளர் பிணையின்றி ஆயுதத்தோடு அயலார் போரில் நுழைந்தால் நேரும் விளைவை மேற்குக் கரை நிகழ்ச்சி ஒன்று காட்டுகிறது. செஞ்சியை வென்ற சிவாஜியோடு அது நேரடியாகத் தொடர்புடையது. 1660இல் பீஜப்பூர்ப் படை பன்ஹாலாக் கோட்டையில் சிவாஜியை முற்றுகையிட்டபோது, ராஜாப்பூர் ஆங்கில நிலையத்தின் தலைவர் ஹென்றி ரெவிங்டனும் சிலரும் வெடிகுண்டுகளோடு முற்றுகைக் களத்திற்குச் சென்றனர். ஆங்கிலக் கொடியின் கீழ் கோட்டைமீது குண்டு வீசினர். 1661இல் சிவாஜி ராஜாப்பூரைத் தாக்கி அந்நிலையத்தைச் சூறையாடி, ஆங்கிலேயரைச் சிறைப்படுத்தினார். அவர்கள் விடுதலை பெற 1663 வரை காத்திருக்க நேர்ந்தது.

சிறையிலிருந்தோர் சூரத்து மேலிடத்திற்கு முறையிட்டபோது கிடைத்த மறுமொழி கருதத்தக்கது. கம்பெனியின் சரக்கைக் காத்ததற்காக அவர்கள் சிறைப்படவில்லை. பன்ஹாலாவிற்குச் சென்று குண்டு வீசியதற்காகவே சிறைப்பட்டனர் என்பது அதன் சாரம். இசைவின்றிச் செய்த செயலுக்கு அதைச் செய்தவரே பொறுப்பு என்று கம்பெனி விலகிக்கொண்டது. ராஜாப்பூர் இழப்பிற்கான பேச்சு 1674இல் ஹென்றி ஆக்சிண்டன் சிவாஜியின் முடிசூட்டு விழாவிற்குச் சென்றபோது 10,000 வராகன் ஈடு என்னும் அளவில் முடிவுற்றது. ஆயுதத்தைக் கொண்டுசென்ற அந்நியரே இடர் முழுவதையும் சுமந்தார் என்பதையே இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

இப்பின்னணியில் 1677இன் நிகழ்ச்சியைக் காண வேண்டும். அவ்வாண்டு தென்திசைப் படையெடுப்பில் செஞ்சியைக் கொண்ட சிவாஜி, சென்னைக் கோட்டைக்கு மடல் எழுதினார். முதலில் அவர் கேட்டவை நஞ்சு முறிக்கும் மருந்துகளும் அரிய பொருள்களும். கம்பெனி அவற்றை விலை பெறாமல் அன்பளிப்பாக அனுப்பியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த மடல் போர்ப் பொறியாளர்களை அனுப்புமாறு கேட்டது. வேலூர்க் கோட்டை முற்றுகையில் இருந்த நேரம் அது. சென்னை மன்றம் பணிவான சொற்களில் மறுத்துவிட்டது. மருந்துக்கு இசைந்தவர் பொறியாளருக்கு இசையாததை வெறும் அச்சமாகக் கொள்வதற்கில்லை. ராஜாப்பூரின் நினைவு மாறாத காலம் அது. ஒரு தரப்புக்குத் தரும் படைத்துணை மறுதரப்பின் பகையை ஈட்டித் தரும் என்பதைக் கம்பெனி அறிந்திருந்தது.

5. 1690: ஒரே ஆண்டில் இரு வணிகங்கள்

பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் நிலை மாறியது. 1689இன் இறுதியில் ராஜாராம் செஞ்சியை அடைந்து அதனை மராத்திய அரசின் தலைமையிடமாக்கினார். 1690இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையைத் தொடங்கினார். 1698இன் தொடக்கத்தில் கோட்டை வீழும் வரை அம்முற்றுகை விட்டும் தொடர்ந்தும் நடந்தது.

முற்றுகை தொடங்கிய ஆண்டிலேயே ஆங்கிலக் கம்பெனி இரு தரப்போடும் வணிகம் செய்தது. பணத்தேவையில் இருந்த ராஜாராமின் அரசு தேவனாம்பட்டினக் கோட்டையை விற்க முன்வந்தது. சென்னை ஆளுநராயிருந்த எலிகு யேல் அதனை வாங்கினார். புனித டேவிட் கோட்டை என்று பெயர் பெற்ற அக்கோட்டையோடு, அங்கிருந்து சுடும் பீரங்கிக் குண்டு விழும் எல்லைவரை உள்ள ஊர்களும் கம்பெனிக்குச் சேரும் என்பது உடன்பாடு. அதற்கெனச் சென்னையிலிருந்து பீரங்கி ஒன்று அனுப்பப்பட்டுப் பல திசைகளிலும் சுடப்பட்டது. குண்டு விழுந்த எல்லைக்குட்பட்ட ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' எனப்பட்டன. கடலூரில் 'குண்டு சாலை' என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது.

மறுபுறம், செஞ்சியை முற்றுகையிட்டிருந்த சுல்பிகர் கானுக்கு வெடிமருந்து தேவைப்பட்டது. சென்னை அதனைக் கொடுத்து உதவியது. அவ்வுதவியை நினைவுகூர்ந்து, கம்பெனியின் நிலைகளை உறுதிப்படுத்தும் கவுலை அவர் வழங்கினார். முற்றுகைக்குள் இருந்தவரிடம் நிலம், முற்றுகையிட்டவருக்கு மருந்து, இரு தரப்பிடமிருந்தும் எழுத்து. இவ்விரு வணிகங்களையும் தனித்தனியே கூறும்போது ஒன்று நில வரலாறாகவும் மற்றொன்று போர் வரலாறாகவும் தோன்றும். சேர்த்து நோக்கினால் அவை ஒரே கணக்கின் இரு பக்கங்கள். செஞ்சியில் எவர் வென்றாலும் தன்னிடம் அவருடைய கவுல் இருக்க வேண்டும் என்பதே கம்பெனியின் கணக்கு.

1660இல் அந்நிய ஆயுதக்காரர் இடரைத் தாமே சுமந்தார். 1690இல் அதே கம்பெனி இரு தரப்பு எழுத்தையும் பெற்று இடரைத் தன்னிடமிருந்து அகற்றிக்கொண்டது. அப்படியானால் இடர் எங்குச் சென்றது? மதிலுக்குள் இருந்தவர் தம்மிடம் கோட்டை வாங்கியவரே பகைவருக்கு மருந்து தருவதைத் தடுக்க இயலவில்லை. 1547இன் உடன்படிக்கையில் முதன்மை பெற்றிருந்த 'என் பகைவனுக்கு விற்காதே' என்னும் நிபந்தனையை வலியுறுத்தும் ஆற்றலைச் செஞ்சி இழந்திருந்தது. கோட்டையின் வீழ்ச்சிக்கு இது ஒன்றே காரணம் என்று கூறுவது மிகை. எனினும், செஞ்சியின் வலிமையை மதிலின் உயரத்தையும் பீரங்கியின் எண்ணிக்கையையும் கொண்டு மட்டும் அளப்பது போதாது. துறைமுகத்தில் இருந்த அந்நியரைக் கட்டுப்படுத்தும் ஆற்றலும் அவ்வலிமையின் ஒரு கூறே.

6. போட்டிக் கம்பெனிகள் இடையாளராதல்

18ஆம் நூற்றாண்டில் செஞ்சி தானே ஒரு கம்பெனியின் கிடங்காயிற்று. 1750 செப்டம்பரில் புஸ்ஸி அதனைக் கைப்பற்றினார். 1752இல் மேஜர் கின்னியர் தலைமையில் வந்த ஆங்கிலப் படை தோற்றுத் திரும்பியது. புதுச்சேரி வீழ்ந்த பின் 1761 ஏப்ரலில் கேப்டன் ஸ்டீபன் ஸ்மித்திடம் கோட்டை சரணடைந்தது. இக்காலத்தில் பீரங்கியும் மருந்தும் புதுச்சேரியிலிருந்து செஞ்சிக்குச் சென்றதில் வணிகம் இல்லை. ஒரே அரசின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் சரக்கு சென்றது, அவ்வளவே.

அந்நியரோடு ஆயுத உறவு வேண்டியிருந்தவர்கள் கம்பெனியாட்சியின் பிடிக்குள் முழுதும் வராத பாளையக்காரர்கள். எனவே இக்கட்டத்தில் நம் நோக்கு தெற்கே திருநெல்வேலிச் சீமைக்குச் செல்ல வேண்டியுள்ளது. 1783இல் கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கைப்பற்றியபோது அங்கே துப்பாக்கிகளும் வெடிமருந்தும் மட்டுமன்றி, பாளையக்காரருக்கும் கொழும்பு டச்சு அரசிற்கும் இடையிலான உடன்படிக்கையின் மூலப்படியும் கிடைத்ததாகப் பதிவு செய்துள்ளார். ஆயுதமும் உடன்படிக்கையும் ஒரே இடத்தில் இருந்தது தற்செயலன்று. எழுத்தில்லாமல் அந்நியரோடு படை உறவு வைக்க இயலாது என்னும் பழைய நியதியே இங்கும் தொடர்ந்தது. செஞ்சி ஆட்சியாளர் கம்பெனிக்குக் கவுல் தந்த காலம் போய், கம்பெனி ஒன்று பாளையக்காரருக்கு எழுத்துத் தரும் காலம் வந்தது. வாக்குத் தருபவரும் பெறுபவரும் இடம் மாறினர்.

ஒரு கம்பெனி மறுத்தால் மற்றொன்றை நாடலாம் என்பதே இக்கட்டத்தில் வாங்குபவருக்கு இருந்த வலிமை. டச்சு, பிரெஞ்சுப் போட்டி மறைந்ததும் அவ்வலிமையும் மறைந்தது. 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்சீமைப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டது. ஈட்டி முதல் துப்பாக்கி வரை அத்தடையில் அடங்கின. பல விற்பனையாளர் இருந்த சந்தையில் ஒருவரே எஞ்சினார். அவர் விற்பதற்கு மாறாகப் பறிக்கத் தொடங்கினார்.

7. 1878: உரிமமும் பதிவேடும்

1857ஐ அடுத்து வந்த சட்டங்களின் தொடர்ச்சியாக 1878இல் இந்திய ஆயுதச் சட்டம் பிறந்தது. செஞ்சி அடங்கிய தென்னார்க்காடு மாவட்டத்திற்கு கார்ஸ்டின் எழுதிய மாவட்டக் கையேடு வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். மாவட்டத்தை விவரங்களாகப் பதிவு செய்யும் நூலும், ஆயுதத்தைப் பதிவேட்டிற்குள் கொண்டுவரும் சட்டமும் ஒரே நிர்வாக மனப்பான்மையின் வெளிப்பாடுகள் எனலாம்.

1878 சட்டம் முன்னைய ஏற்பாடுகளிலிருந்து மூன்று வகையில் வேறுபட்டது. முதலாவது, ஆயுதம் செய்வதற்கும் விற்பதற்கும் உரிமம் கட்டாயமாயிற்று. இறக்குமதியும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்வதும் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இரண்டாவது, தன் சொந்தப் பயன்பாட்டிற்கு முறையாக வைத்திருந்த ஆயுதத்தைத் தனியாள் ஒருவர் மற்றவருக்கு விற்பது தடுக்கப்படவில்லை. ஆனால் வாங்கியவரின் பெயரையும் முகவரியையும் மாவட்ட நடுவருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்திற்கோ காலம் தாழ்த்தாமல் தெரிவிக்க வேண்டும். மூன்றாவது, குறிப்பிட்ட சிலருக்குச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஐரோப்பியர் அவ்விலக்கில் அடங்கினர். மண்ணின் மக்கள் பெரும்பாலோர் அடங்கவில்லை.

இரண்டாவது விதி நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. வாங்குபவர் விற்பவருக்கு அந்நியராக இருக்கலாம். அரசுக்கு அந்நியராக இருக்கக் கூடாது என்பதே அதன் உட்பொருள். இதே காலத்தில், 1877இல், இந்திய அஞ்சல் துறை விலை செலுத்திப் பெறும் அஞ்சல் முறையைத் தொடங்கியது. பொருளை ஒப்படைத்தபின் அஞ்சலகமே பணம் பெற்று விற்றவருக்கு அனுப்பியதால், முன்னுரையில் கூறிய முதல் இரண்டு அச்சங்களும் ஏனைய சரக்குகளுக்கு எளிதில் நீங்கின. புத்தகத்தையும் கடிகாரத்தையும் முகமறியாதவரிடம் வாங்குவதற்கு அஞ்சலகத்தின் இடையீடு போதும். துப்பாக்கிக்கு அது போதாது. மூன்றாவது அச்சத்தைத் தீர்க்க உரிமம் என்னும் தனி ஏற்பாடு தேவைப்பட்டது.

சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரத்திற்குப் புகழ்பெற்ற பி. ஆர் அண்டு சன்ஸ் நிறுவனமும், ஓக்ஸ் கம்பெனியும் துப்பாக்கிகளையும் விற்றன. இங்கிலாந்தில் செய்த துப்பாக்கிகள் இத்தகைய நிறுவனங்களின் பெயர் பொறிக்கப்பட்டு இங்கு விற்பனையாயின. செய்தவர் கடல் கடந்து இருந்தார். பயன்படுத்துபவர் மாவட்டத்தில் இருந்தார். பெயர் பொறித்த விற்பனையாளர் இருவருக்கும் நடுவே நின்றார். துணி வணிகத்தில் தலைமை வணிகர் வகித்த இடத்திற்கு இது ஒப்பானதாகத் தோன்றும். ஆயினும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. காசி வீரண்ணாவின் தகுதி அவருடைய பொருளிலும் ஊர் மதிப்பிலும் இருந்தது. உரிமம் பெற்ற விற்பனையாளரின் தகுதி அரசு தரும் தாளில் இருந்தது; அத்தாளை அரசு திரும்பப் பெறலாம்.

8. உரிமத்தின் அரசியல்

உரிம முறையைப் பொதுப் பாதுகாப்பு ஏற்பாடாக மட்டும் கொள்வது அதன் பிறப்பை மறைத்துவிடும். 1878இன் விலக்குப் பட்டியல் குடிமகனின் நடத்தையை அளவுகோலாகக் கொள்ளாமல் அவன் இனத்தை அளவுகோலாகக் கொண்டது. 1887 டிசம்பரில் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரசின் மூன்றாம் மாநாடு, ஆயுதச் சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. செஞ்சி, பாஞ்சாலங்குறிச்சி ஆகியவற்றின் நினைவைத் தாங்கிய மாகாணத்தின் தலைநகரில் இக்குரல் எழுந்தது பொருத்தமே. 1920இன் விதிகள் இன வேறுபாட்டை நீக்கின. 1931இல் கராச்சித் தீர்மானம், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமைகளின் வரிசையில் சேர்த்தது. விடுதலைக்குப் பின் உருவான அரசியலமைப்பு அதனை அடிப்படை உரிமையாக ஏற்கவில்லை. 1959இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது.

1959 சட்டம் 1878இன் சட்டகத்தைப் பெரிதும் தக்கவைத்துக்கொண்டு, அதன் நோக்கை மாற்ற முயன்றது. பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்திட்டுச் சுடும் துப்பாக்கி வேண்டும் உழவருக்கு உரிமம் வழங்குவதை அது தனியே குறிப்பிடுகிறது. காட்டுப்பன்றியும் மானும் விளைநிலத்தில் இறங்கும் குன்றடி ஊர்களுக்கு அது பொருளுடைய விதி. எனினும் 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அத்துப்பாக்கியின் பயனை வெகுவாகக் குறுக்கியது.

தனியாளிடையே விற்பனைக்கான விதியில் நேர்ந்த மாற்றம் இன்னும் நுட்பமானது. 1878இல் விற்ற பின் அறிவித்தால் போதும். இன்றுள்ள சட்ட வடிவில், உரிமத்திற்குரிய துப்பாக்கியை விற்க எண்ணுபவர் தம் எண்ணத்தை மாவட்ட நடுவருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்திற்கோ முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதன்பின் 45 நாள்களேனும் கழிய வேண்டும். செஞ்சியில் உள்ள ஓர் உரிமதாரர், தாம் கண்டறியாத மதுரைக்காரர் ஒருவருக்குத் தம் துப்பாக்கியை விற்பதாகக் கொள்வோம். வாங்குபவருக்கு உரிமம் இருக்க வேண்டும். விற்பவர் முன்னறிவிப்புத் தர வேண்டும். துப்பாக்கியை எடுத்துச் செல்வதும் சட்டத்திற்கு உட்பட வேண்டும். இரு உரிமங்களிலும் மாற்றம் பதிவாக வேண்டும். உரிமம் பெற்ற விற்பனையாளர் ஒருவர் வழியாக இது நடந்தால், துப்பாக்கி அவர் பதிவேட்டில் வரவாகவும் செலவாகவும் ஏறும். இன்று உரிமதாரர் ஒவ்வொருவருக்கும் தேசியத் தரவுத்தளத்தில் தனித்த அடையாள எண் உண்டு. இருவரும் ஒருவருக்கொருவர் அந்நியராகவே இருந்துவிடலாம். பதிவேட்டிற்கு இருவருமே அறிமுகமானவர்கள்.

9. முடிவுரை

செஞ்சியையும் அதன் கடற்கரையையும் நடுவாகக் கொண்டு நோக்கும்போது, அறிமுகமில்லாரிடையே ஆயுத வணிகம் மூன்று ஏற்பாடுகளைக் கடந்து வந்திருப்பது புலப்படுகிறது. கவுல் ஆட்சியாளரின் வாக்கைப் பிணையாக்கியது. கம்பெனி உடன்படிக்கை போட்டியாளரின் நலனைப் பிணையாக்கியது. உரிமம் பதிவேட்டைப் பிணையாக்கியது. ராஜாப்பூரில் ஆயுதம் கொணர்ந்தவர் இடரைச் சுமந்தார். 1690இல் அவ்விடர் கோட்டைக்குள் இருந்தவர்மீது இறங்கியது. 1878இல் அது வாங்கும் குடிமகன்மீது நிலைத்தது. ஆயுதம் வேண்டுபவர் முதலில் தாம் ஐயத்திற்கு உரியவரல்லர் என்று மெய்ப்பிக்க வேண்டியவரானார்.

இதிலிருந்து இரண்டு கருத்துகள் ஆய்வாளர் கவனத்திற்கு உரியவை. 1878 சட்டத்தை ஆயுதப் பறிப்பாக மட்டும் விளக்கும் போக்கு, அது விடை காண முயன்ற வணிகச் சிக்கல் அதனினும் பழையது என்பதைக் காணத் தவறுகிறது. உரிம முறையை நடுநிலையான பாதுகாப்பு ஏற்பாடாக விளக்கும் போக்கோ, அச்சிக்கலுக்குப் பல விடைகள் இருந்தன என்பதையும், அவற்றுள் வாங்குபவரின் பேரம் பேசும் ஆற்றலை முற்றும் நீக்கிய விடையே நிலைபெற்றது என்பதையும் காணத் தவறுகிறது. இரண்டையும் ஒருங்கே காண்பதற்குப் போர்க்களக் குறிப்புகளோடு கம்பெனிகளின் கணக்கேடுகளையும் கவுல்களையும் மாவட்ட உரிமப் பதிவேடுகளையும் இணைத்துப் படிக்க வேண்டும். ராஜகிரியின் உச்சியில் இன்றும் கிடக்கும் பீரங்கியைக் காண்போர் அதைச் சுட்டவர் யார் என்று வினவுவது வழக்கம். அதை விற்றவர் யார், எவர் வாக்கின் பேரில் விற்றார் என்னும் வினாவும் அதனோடு எழுப்பப்படும்போதுதான் செஞ்சியின் வரலாறு முழுமை நோக்கி நகரும்.